வேலை போயும் சம்பளம் நிற்கவில்லை!

உலகத்தில் மதத்தின் செல்வாக்கு குறைந்து வருகின்றதென்று படித்தவர்கள் எழுதுகின்றார்கள். "எங்கே குறைந்தது? தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் ரோட்டில் பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தைப் பார்!" என்று பக்தர்கள் பதில் சொல்லுகின்றார்கள். நாம் சொல்லுவது என்னவென்றால், கூட்டம் இதற்கு அளவுகோலல்ல. முன்பு மதம் பார்த்துவந்த வேலையை இன்று யார் பார்க்கின்றார்கள் என்பதே அளவுகோலாகும்.

கொடைரோட்டுத் திராட்சைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுவோம். கொடியில் நோய் கண்டால் குடியானவர் பூசாரியைத் தேடி ஓடுகின்றாரா? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தல்லவா தெளிக்கின்றார்!

வைசூரியை மாரியாத்தாளின் விளையாட்டென்றும், மருந்து கொடுத்தால் ஆத்தாள் கோபிப்பாளென்றும் சொல்லி எத்தனை பிள்ளைகளைக் குழிக்கு அனுப்பினார்கள்! முடிவில் ஜெயித்தது யார்? 1975க்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை. 1980ல் உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. அம்மை குத்தியவன் ஆத்தாள் வேலையை முடித்துவிட்டான். ஆனால் திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழாவும் நிற்கவில்லை, உண்டியலும் நிற்கவில்லை. வேலை போன உத்தியோகஸ்தனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி வேறெங்காவது உண்டா என்று கேட்கின்றோம்.

2020ல் கொரோனா வந்தபோது கோயில், சர்ச்சு, மசூதி எல்லாம் கதவைச் சாத்தின. ஆஸ்பத்திரி மாத்திரம் திறந்திருந்தது. அழகர் அவ்வருஷம் வைகையில் இறங்கவில்லை. அதனால் யார் குடி முழுகிப்போயிற்று?

நிற்க, காலம் மாறினால் மதம் தானாகவே உதிர்ந்துவிடுமென்று நம் தோழர்களில் சிலர் சும்மா இருக்கின்றார்கள். இது பெருந்தவறு. 1875ல் இவ்வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. ரயில் ராகுகாலம் பார்க்கவில்லை. ஆனால் ஜாதியும் டிக்கட்டு வாங்காமல் அதில் ஏறிக்கொண்டது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கென்று தனியிடம் இருந்தது. பெரியாரும் இயக்கத்தாரும் கிளர்ச்சி செய்த பிறகே 1941ல் அது ஒழிந்தது. புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லுபடியாவதற்கும் 1967ல் சட்டம் செய்யவேண்டியிருந்தது. இவற்றுள் எது தானாக வந்தது?

இன்றும் மதம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை ஒன்றே ஒன்று. அதுதான் ஜாதியைக் காப்பது. மழையையும் நோயையும் விட்டுவிட்டுக் கல்யாணத்தையும் சுடுகாட்டையும் கெட்டியாகப் பிடித்திருக்கின்றது. ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு வாலிபனை 2016ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். மதம் தேய்ந்துவிட்டதென்று அந்த வாலிபனின் குடும்பத்தாரிடம் போய் யாராவது சொல்லமுடியுமா?

இங்கிலாந்தில் 1851ல் ஹோலியோக் என்பவர் மதச்சார்பின்மைக்கு ஒரு பெயர் வைத்தபோது, மனிதன் இவ்வுலக வாழ்வை அறிவுகொண்டே நடத்தவேண்டும் என்பதே கருத்து. நம் அரசியல் சட்டத்தின் முகவுரையிலும் 1976ல் அச்சொல்லைச் சேர்த்தார்கள். ஆனால் இங்கே அதற்கு எல்லா மதத்துக்கும் சமமாகக் கும்பிடு போடுவதென்று அர்த்தம் செய்துவிட்டு, சர்க்கார் ஆபீசிலேயே ஆயுதபூஜை நடத்துகின்றார்கள்! எல்லாத் திருடனுக்கும் சமமாகக் கதவைத் திறந்துவிடுவது வீட்டுக்குக் காவலாகுமா?

ஆகவே தோழர்களே! வேலை போனவனுக்குச் சம்பளத்தை நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் புரோகிதரும் ஜாதியுமில்லாமல் நடத்துங்கள். உங்கள் ஊரில் சுடுகாடு இரண்டாக இருந்தால் ஒன்றாக்குங்கள். மதம் தேய்ந்ததா என்று அதன் பிறகு யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.