ஸ்பானிஷ் ஆருடைய வீட்டுச் சொத்து?

எங்களில சிலர் யூடியூப் பார்த்து ஸ்பானிஷ் படிக்க வெளிக்கிட்டம். ஆசை வந்தது மெக்சிகோப் பாட்டுகளாலயும் அர்ஜென்டினாவின்ர உதைபந்தாட்டத்தாலயும். ஸ்பெயின் நினைவிலயே இல்லை. ஆனால் ஒரு சான்றிதழ் எடுப்பம் எண்டு தேடினால் முன்னுக்கு வந்து நிண்டது மட்ரிட்: செர்வாந்தெஸ் நிறுவனம்.

ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய நிறுவனம் இது. புது டில்லியிலும் கிளை உண்டு. ஆளுகைச் சபையின் கௌரவத் தலைவர் ஸ்பெயின் மன்னர், நிறைவேற்றுத் தலைவர் அந்நாட்டுப் பிரதமர். கெட்ட நிறுவனம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. அதன் டெலே சோதனையில் லத்தீன் அமெரிக்க வழக்கில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

எங்களுக்கு உறுத்திறது வேற. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடி எண்டு பெருமை பேசப்படுது. அதில ஸ்பெயின்காரர் 5 கோடியும் இல்லை. மெக்சிகோவில மட்டும் 12 கோடிக்கு மேல சனம். எண்ணிக்கை அங்கயிருந்து, பெயர்ப்பலகை இங்கயிருந்து.

மற்ற நாட்டுக்காரர் சும்மா இருக்கவும் இல்லை. வெனிசுவேலாவில் பிறந்த அந்திரேஸ் பெய்யோ 1847இலேயே சிலியில் இருந்து ஒரு இலக்கணம் வெளியிட்டார், அமெரிக்கக் கண்டத்தாரின் பாவனைக்கு எண்டு தலைப்பிலேயே போட்டு. 1951இல் மெக்சிகோவில் ஸ்பானிஷ் மொழி அகாதமிகள் எல்லாம் கூடின. 1713இல் தொடங்கிய மட்ரிட் அகாதமி மட்டும் வரேல்லை. பிராங்கோவின் சர்வாதிகார அரசு போக விடேல்லை. மற்றவை பார்த்துக்கொண்டிருக்காமல் சங்கத்தை அங்கயே அமைத்தார்கள். மூத்தவர் வராத வீட்டிலயும் கலியாணம் நடக்கும்தானே.

'கதைக்கிறம்' எண்டதைத் தமிழ்நாட்டுப் படங்கள் பகிடியாக்கிறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது கொஞ்சம் கூடவே சுடும். ஸ்பெயினில பஸ் பிடிக்கிறதுக்குச் சொல்லுற 'கோஹெர்' மெக்சிகோவில கெட்ட வார்த்தை. அதை ஒரு மெக்சிகோ நண்பியிட்டச் சொல்லிப்போட்டு நாங்கள் பட்ட வெட்கம் சொல்லி முடியாது.

காசு குடுக்கிறவைதானே முடிவெடுப்பினம் எண்டு எங்களுக்குள்ளயே ஒரு தோழர் கேட்டார். நியாயம்தான். அப்ப செலவையும் முடிவையும் சேர்த்துப் பங்கு போடலாமே? வழி ஏற்கெனவே இருக்கு. 2016இல் வந்த சியேலே சோதனையில் செர்வாந்தெஸ் நிறுவனத்தோடும் சலமான்கா பல்கலைக்கழகத்தோடும் மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகம், புவெனோஸ் அயர்ஸ் பல்கலைக்கழகம் ஆகியனவும் பங்காளிகள். காசு சேர்ந்ததும் நாங்கள் எழுதப்போறது அதைத்தான்.