குறுக்கே பேச ஓர் ஆள்

பேராசிரியர்கள் கூடித் தத்துவம் பேசி, அதை ஒலிப்பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று வெளியிடும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்துத் தாடிக்கொம்புக்கும் வந்துவிட்டது. எனக்குப் பழக்கமான இருவர் இதில் இறங்கியிருக்கிறார்கள். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். மற்றவர் இயற்பியல் நடத்துகிறார், பெரியவருக்கு மகன் வயது. தத்துவப் பேராசிரியர் ஒருவர்கூட இல்லாமல் தத்துவ பாட்காஸ்ட்டா என்று கேட்கலாம். தத்துவத்தைத் தனிப் பட்டமாகப் படிக்க முடிகிற கல்லூரிகள் தமிழ்நாட்டிலேயே மிகச் சில. எங்கள் பக்கம் தத்துவம் என்றால் தமிழ்த்துறையில் சைவ சித்தாந்தமாகவும் இயற்பியல் துறையில் குவாண்டமாகவும்தான் ஒளிந்து கிடக்கிறது.

முன்னோட்டமாகப் பேசிப் பதிந்ததை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார்கள். ‘விதி என்று ஒன்று உண்டா?’ என்பது பொருள். சரக்கில் குறையே இல்லை. பெரியவர் ஆசீவகரின் ஊழில் தொடங்கினார், இளையவர் லாப்லாஸின் நியதிவாதத்தில் தொடங்கினார். கேட்கத்தான் முடியவில்லை. “ஐயா சொன்னதையே நான் வேற மாதிரி சொல்றேன்” என்று இவர் சொல்ல, “தம்பி அருமையா சொன்னாரு” என்று அவர் சொல்ல, முழுப் பேச்சும் பொன்னாடை போர்த்துகிற விழாவாகவே நகர்ந்தது. இதே இருவர் இதே விஷயத்துக்காகக் கரூர் ரோட்டுக் கடையில் டீ ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். மைக்கைக் கண்டதும் இருவருக்கும் மரியாதை வந்துவிட்டது.

அவர்களுக்கு நான் கேட்கச் சொன்னது பிபிசி ரேடியோ 4-இன் ‘இன் அவர் டைம்’. 1998-இல் தொடங்கியது. வியாழக்கிழமைதோறும் ஒரு பொருள்; அதில் தோய்ந்த கல்வியாளர்கள் மூவர்; எதிரே மெல்வின் பிராக். பிராக் நாவலாசிரியர், ஒலிபரப்பாளர்; எந்தத் துறையிலும் பேராசிரியர் அல்ல. ஸ்டோயிக்குகளைப் பற்றியோ ஸ்பினோசாவைப் பற்றியோ வாழ்நாள் முழுக்கப் படித்தவர் ஆசுவாசமாக முன்னுரை சொல்லத் தொடங்கினால், பிராக் பாதியிலேயே வெட்டுவார். அதெல்லாம் இருக்கட்டும், ஸ்பினோசா என்னதான் சொன்னார் என்று கேட்பார். எரிச்சலை மறைக்கவும் மாட்டார். ஆயிரம் நிகழ்ச்சிகளுக்கு மேல் இப்படி நடத்திவிட்டு 2025-இல்தான் விலகினார். அந்த நிகழ்ச்சி ஓடியது பேராசிரியர்களின் அறிவால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அறிவு நூலகத்திலும் கிடைக்கும். பிராக்கின் பொறுமையின்மை அங்கே கிடைக்காது.

2007-இல் டேவிட் எட்மண்ட்ஸ் என்ற பத்திரிகையாளரும் நைஜல் வார்பர்ட்டன் என்ற தத்துவ ஆசிரியரும் சேர்ந்து ‘ஃபிலாசஃபி பைட்ஸ்’ பாட்காஸ்ட்டைத் தொடங்கினார்கள். ஒரு தத்துவவாதி, ஒரு பொருள், கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ. பலரிடமும் ‘தத்துவம் என்றால் என்ன?’ என்று கேட்டு, பதில்களைத் தொகுத்து ஒரு பகுதியாகவே வெளியிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் திணறுவதையும், சிலர் சிரித்துவிடுவதையும் அப்படியே கேட்கலாம். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். பீட்டர் ஆடம்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 2010 முதல் இடைவெளியே விடாமல் தத்துவ வரலாறு சொல்லிவருகிறார். இந்தியத் தத்துவத்துக்கு ஜோனார்தன் கனேரியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அது பெரும்பாலும் எழுதி வாசிப்பது, வேறு வகை.

நம்மிடம் பேராசிரியர்கள் பொதுமக்களிடம் பேசுவது புதிதே அல்ல. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்தாலும், வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது தகுமா என்று எத்தனை ஊர்த் திடல்களில் விடிய விடியக் கேட்டிருக்கிறார்கள்! அறவியல் வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வி அது. மணலில் துண்டு விரித்து உட்கார்ந்தவர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் நடத்திய சாலமன் பாப்பையா அந்தத் திடலைத் தொலைக்காட்சிக்குள் கொண்டுவந்தார். 2021-இல் பத்மஸ்ரீயும் வந்தது. வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் சில நிமிடத்தில், சிரிக்காமல், நம்மைச் சிரிக்கவைத்துப் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்.

ஆனாலும் பட்டிமன்றத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அணி முன்பே பிரித்தாகிவிட்டது. பேச வந்தவர் பேச்சின் நடுவில் மனம் மாறினால் அது தோல்வி. எதிரணி சொன்னது நியாயம்தான் என்று அவருக்கே பட்டாலும் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் நடுவர் எழுந்து தீர்ப்பு சொல்லி, யோசிக்கிற சுமையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தத்துவ உரையாடலில் நான் காத்திருப்பதோ பேசுகிறவர் தடுமாறும் இடத்துக்காக: “இதை நான் இப்படி யோசிச்சதில்ல” என்று ஒருவர் சொல்லும் இடம். ஆகவே தாடிக்கொம்புக்காரர்களிடம் சொன்னேன்: நடுவர் வேண்டாம், குறுக்கே பேச ஓர் ஆளைப் பிடியுங்கள்.

இதற்கு இலண்டன்வரை போகத் தேவையில்லை என்று பெரியவர் மணிமேகலையை எடுத்தார். இருபத்தேழாம் காதை. வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய், உன் கொள்கை என்ன, சொல் என்கிறாள். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறாள், நகர்கிறாள். கடைசியில் வருகிற பூதவாதியிடம்தான் மோதல். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கும், கண்ணால் கண்டதே உண்மை, அனுமானம் செல்லாது, மறுபிறப்பு பொய் என்கிறான் அவன். அவள் சிரித்துவிடுகிறாள். தன் முற்பிறப்பு தனக்குத் தெரியும் என்று அவள் சொல்ல, அது தெய்வ மயக்கமாகவோ கனவு மயக்கமாகவோ இருக்கும் என்று அவன் தள்ளிவிடுகிறான். அப்போது அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தை இவர்தான் என்பதை அனுமானம் இல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

அனுமானமே செல்லாது என்றவனை அவன் வீட்டுக்குள்ளேயே மடக்கிவிட்ட கேள்வி. மணிமேகலையை எழுதிய சாத்தனார் பௌத்தர், காப்பியத்தின் முடிவு முன்பே தீர்மானமானது. பூதவாதிக்கு இன்னும் நாலு வரி கொடுத்திருந்தால் அவனும் பதில் சொல்லியிருப்பான் என்பது இயற்பியல்காரரின் மனக்குறை. எனக்கு உறுத்துவது வேறு. இளம்பெண்ணுக்குத் தங்கள் சமயப் பொருளைச் சொல்லமாட்டார்கள் என்பதால், கண்ணகித் தெய்வம் சொன்னபடி மணிமேகலை ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டுதான் இத்தனை கேள்வியையும் கேட்கிறாள்.

இளையவர் ஒரு நியாயமான மறுப்பு சொன்னார். “கேள்வி கேக்குற ஆளுக்கு எங்க சார் போறது? வகுப்புல கேள்வி கேட்டா பாடம் முடியாதுன்னு சொல்லி உக்கார வச்சது நாமதானே.” உண்மைதான். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று நாம் சொல்வதே மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போதுதான். பேராசிரியர்கள் சேர்ந்து செய்யும் ஒலிப்பதிவுகள் பல வறண்டுபோவது கடினமான பொருளால் அல்ல. கேள்வியே கேட்கப்படாமல் இருபது முப்பது வருடம் பேசிய பழக்கம் அது.

எங்கே பதிவது என்பதிலும் விவாதம் நடந்தது. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினால் என்ன என்றார் பெரியவர். பெருமாள் கோயில் தூண்களில் ஊர்த்துவ தாண்டவரையும் அகோர வீரபத்திரரையும் நிறுத்திய சிற்பிகளைவிட நல்ல சாட்சி வேறு உண்டா என்பது அவர் வாதம். ஆனால் அங்கே சொர்ண ஆகர்ஷண பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் சேருகிற கூட்டத்தில் மைக் வைக்க முடியாது. (அந்தக் கூட்டம் கடன் தீரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது பக்தியா, கொடுக்கல் வாங்கலா? இதுவே ஒரு பகுதிக்குத் தாங்கும்.) கடைசியில் பெரியவர் வீட்டு மாடிதான். மில் வேன் ஹாரன் அவ்வப்போது விழும், விழட்டும்.

நான் உண்மையில் சொல்லவந்த உரையாடல் இதே மாவட்டத்தோடு தொடர்புள்ளது. 1924 அக்டோபர், டில்லி. இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாநோன்பு இருந்து முடித்த காந்தி உடம்பு தேறிக்கொண்டிருந்தார். சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரன், காந்தியின் நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் மூலம் அவரைப் பார்க்க வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், 1904-இல் பிறந்தவர், அப்போது வயது இருபது. கலை வேண்டாமா என்று தொடங்கினார். உண்மை முதலில், அழகு அதன் பின்னால் வரும் என்ற பொருளில் காந்தி பேசினார். கிரேக்கத்தின் உண்மையாளரான சாக்ரடீஸ் முகம் அழகற்றதாகச் சொல்லப்படுவதையும் எடுத்துக்காட்டினார். பையன் விடவில்லை. எந்திரம் எல்லாமே கூடாதா என்றார். இந்த உடம்பே எந்திரம், ராட்டையும் எந்திரம், எந்திரத்தின் மேல் உள்ள பித்தைத்தான் எதிர்க்கிறேன் என்றார் காந்தி. சிங்கர் தையல் மெஷினுக்கு விதிவிலக்கும் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்த மெஷின் அது என்பது அவர் காரணம்.

சாதாரண சீடன் இங்கே நெகிழ்ந்து கும்பிட்டிருப்பான். ராமச்சந்திரன் கேட்டார்: அந்த மெஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் மின்சாரத்தால் ஓடும் எந்திரம் இருக்குமே? ஆமாம், அப்படிப்பட்ட தொழிற்சாலை அரசின் கையில் இருக்கவேண்டும் என்றார் காந்தி. அதோடும் முடியவில்லை. இதற்கு விலக்கு, அதற்கு விலக்கு என்றால் விலக்கு எங்கே போய் நிற்கும்? தனிமனிதனுக்கு உதவுவதை நிறுத்தி, அவனுடைய தனித்துவத்தில் கை வைக்கிற இடத்தில் நிற்கும் என்பது பதிலின் சாரம். எந்திரத்தைப் பற்றிக் காந்தி சொன்னவற்றில் இன்றைக்கும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவது இந்தப் பதில். அந்த மூன்றாவது கேள்வி இல்லையென்றால் அது பிறந்திருக்காது.

காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் இதை எழுதி ‘யங் இந்தியா’வில் நவம்பர் 13, 20 இதழ்களில் வெளியிட்டார். நல்ல ஒலிப்பதிவாளருக்கு உள்ள குணம் அவருக்கு இருந்தது. காந்தியின் பதிலை வைத்துக்கொண்டு சின்னவனின் கேள்வியைக் கழித்துவிடவில்லை. பின்னால் ராமச்சந்திரன் டாக்டர் சௌந்தரத்தை மணந்து, இருவரும் 1947-இல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சின்னாளபட்டி சுங்குடிச் சேலை ஊர், தறி ஊர். எந்திரத்துக்கு விலக்கு எங்கே நிற்கும் என்ற கேள்வியைப் புத்தகம் படிக்காமலே தினமும் கேட்கிற ஊர்.

இதையே அடுத்த பதிவுக்குப் பொருளாக எடுத்தார்கள். குறுக்கே பேசப் பெரியவரின் பழைய மாணவி ஒருவர் கிடைத்தார். தையல் யூனிட்டில் கணக்கு எழுதுகிறவர். “நடுவுல பேசுனா கோவிச்சுக்கக் கூடாது சார்” என்ற நிபந்தனையோடு உட்கார்ந்திருக்கிறார். சிங்கர் கதையைப் பெரியவர் உருக்கமாகச் சொல்லி முடித்ததும் கேட்டார்: “மனைவி கஷ்டப்படக் கூடாதுன்னு மெஷின் செஞ்சாரு, சரி. அந்த மெஷின்ல உக்காந்து ஊருக்கே தைக்கிறவளுக்குப் பீஸ் ரேட் எவ்வளவுன்னு அந்தப் பையன் கேக்கலயா?”

அது பொருளாதாரம், தத்துவம் ஆகாது என்றார் இளையவர். “தம்பி, அதுதான்யா தத்துவம்” என்று பெரியவர் குரலை உயர்த்தினார். ஐயா போயிற்று, அருமை போயிற்று. டீக்கடைச் சண்டை முதல்முறையாக மைக்கில் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது அந்தப் பெண் சொல்கிறார்: “ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறீங்க. நான் கேட்டதுக்குப் பதில் இன்னும் வரல.”