ஹெல்சிங்கி – டோக்கியோ: வான்வெளி நீட்டிய பயணம்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான மிகக் குறைந்த வான்வழித் தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் இரு நகரங்களையும் கோடிட்டு இணைத்தால் அது கஜகஸ்தானைத் தொட்டுச் செல்லும். உருண்டையான புவியிலோ குறுக்குவழி வடக்கே வளைந்து சைபீரியாவைக் கடக்கிறது. அவ்வழியே பறந்தவரை பயணம் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்தது. இப்போது ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. விமானங்களின் வேகம் குறைந்துவிடவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது.

இந்த அடைப்பு முன்பும் இருந்ததுதான். பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் மூடிக்கிடந்தது. அதனால் 1957-ல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கோபன்ஹேகனிலிருந்து வட துருவம் வழியே அலாஸ்காவின் ஆங்கரேஜுக்குப் போய், எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோவை அடைந்தது. 1983-ல் பின்லாந்தின் ஃபின்ஏர் விமான நிறுவனம் டிசி-10 விமானத்தில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோதும் துருவத்தைச் சுற்றியே பறந்தது. அதற்கும் 13 மணி நேரம் பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். சுற்றுவழியின் அலுப்பைப் பொறுத்துக்கொள்ள வேறு காரணம் தேவைப்படவில்லை.

பின்னர் சைபீரிய வழி திறந்தது. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில் இருந்த ஹெல்சிங்கி, ஆசியாவுக்கான வாசலாயிற்று. ஃபின்ஏர் தன் வணிகத்தையே அந்தக் குறுக்குவழியின் மேல் கட்டியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களைத் தடுத்தது. பதிலுக்கு ரஷ்யா அம்மாதம் 28 அன்று 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு வான்வெளியை மூடியது.

இன்று டோக்கியோ விமானங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தெற்கே இறங்கி காகசஸ், கஜகஸ்தான், சீனா வழியாகச் செல்வது. மற்றொன்று பழைய துருவ வழி. எது சிக்கனம் என்பதைக் காற்றும் முடிவுசெய்கிறது. நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் டோக்கியோ நோக்கிய பயணத்துக்குத் துணை, திரும்பும் பயணத்துக்குத் தடை. ஆகவே போகும்போது தெற்கு வழியும் வரும்போது துருவ வழியும் பெரும்பாலும் தேர்வாகின்றன.

கூடுதலாகும் மூன்றரை மணி நேரம் எரிபொருளையும் விமானிகளின் பணிநேரத்தையும் கார்பன் உமிழ்வையும் ஏற்றுகிறது. சீன நிறுவனங்கள் இன்றும் ரஷ்யாவின் மேல் பறப்பதால் போட்டியும் சமமாக இல்லை.

இதற்குச் சட்டத்தில் எளிய தீர்வு கிடையாது. 1944-ம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வான்வெளியில் முழு இறையாண்மை அளிக்கிறது. தரையிறங்காமல் கடந்துசெல்லும் உரிமையைப் பொதுவாக்கும் தனி ஒப்பந்தம் ஒன்றும் அப்போதே உருவானது. ரஷ்யா அதில் சேரவில்லை. சைபீரியாவைக் கடக்கும் அனுமதியை நாட்டுக்கு நாடு பேசிப் பெற வேண்டியிருந்தது. அதற்கான கட்டணம் ரஷ்ய விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டுக்குச் சென்றது. போர் முடிந்து வான்வெளி திறக்கும் நாளில் இந்தப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்புவது போதாது. ரஷ்யாவைப் பொது ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருவது அப்போதைய பேச்சுவார்த்தையின் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.