முதலில் உளி தீட்டட்டும்

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் பலா மரங்கள் சாய்ந்து கிடந்த காட்சியை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீணை செய்யத் தஞ்சையார் தேடும் மரமன்றோ பலா! அதனை அறுத்து, உலர்த்தி, ஊரிலேயே பொருளாக்கும் கைகள் நம்மிடம் போதா என்பதே எமது கவலை.

ஆகவே, சங்கங்கள் தச்சுப் பயிற்சி தொடங்குதல் வேண்டும். புதியவரிடம் முதல் நாளே மின்வாளைக் கொடுத்தல் தவறு. முதல் வாரத்திற்குச் சாணைக்கல்லும் உளியும் போதும். மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, நசுக்கும். வலிந்து அழுத்துபவரின் கையையே பதம் பார்க்கும். கூர் கைவந்தபின் இழைப்புளி. நாரோட்டத்திற்கு எதிராகத் தள்ளினால் பலகை பெயர்வதைக் கையே உணர்த்திவிடும். பின்னர், துளையும் கழுந்தும் பொருத்தி ஒரு முக்காலி செய்யட்டும். மூன்று கால்கள் மேடுபள்ளமான தரையிலும் ஆடா. தொடக்கத்திற்கு அதுவே தக்கது.

2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் கடனுதவி 35 வயது நிரம்பியோர்க்கே உரியது. பதினெட்டு வயதினர் எங்கே கற்பது? தச்சு ஒரு குலத்தார்க்கே உரியது என்னும் எண்ணத்தையும் சங்கம் ஏற்கலாகாது. நெசவாளர் மகளும் வரட்டும். தறியின் மிதிகட்டை முறிந்தால் அவளே செப்பனிடுவாள். கற்பிக்க ஊரின் முதிய தச்சரையே அமர்த்துக. பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாமல், மாதந்தோறும் ஊதியம் தருக.