முகமூடி யாருக்கு, முகவரி யாருக்கு?

இணையத்தில் பெயரிலியாக இருக்கும் உரிமையைப் பற்றி யார் முழங்கினாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: அந்த இடத்தில் யாருடைய பெயர் மறைந்திருக்கிறது, யாருடைய பெயர் அம்பலமாகிறது?

தென்கொரியாவின் ‘என்த் ரூம்’ வழக்கைப் பாருங்கள். 2018 முதல் 2020 வரை டெலிகிராமில் நடந்த அரட்டை அறைகள் அவை. அவற்றில் ஒன்றை நடத்தியவன், மாடலிங் வேலை என்று ஆசைகாட்டிப் பெண்களை இழுத்தான். வேலைக்காக அவர்கள் கொடுத்த விவரங்களையும் படங்களையும் வைத்தே மிரட்டினான். கூடுதல் விவரங்களை அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களே ஆவணங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அவனிடம் மட்டும் குறைந்தது 74 பேர் சிக்கினார்கள். அவர்களில் 16 பேர் சிறுமிகள். பார்த்த ஆண்களோ கிரிப்டோ நாணயத்தில் கட்டணம் கட்டிவிட்டுப் புனைபெயரில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆணுக்கு முகமூடி, பெண்ணுக்கோ பெயர், முகம், முகவரி எல்லாம் ஏலம். இதற்குப் பெயர் கருத்துச் சுதந்திரமா?

நடத்தியவனுக்கு 42 ஆண்டுச் சிறை உறுதியானது. ஒரு மிருகம் பிடிபட்டது என்று ஊர் நிம்மதியடையலாம். என்னால் முடியாது. பார்க்க ஆளில்லாவிட்டால் அந்த அறை ஒருநாள்கூட நடந்திருக்காது. காசு கட்டியவனும், “இன்னும் போடு” என்று கேட்டவனும், வாய்மூடிப் பார்த்தவனும் காட்டிலிருந்து வந்த மிருகங்கள் அல்ல. யாரோ ஒருத்தியின் மகன், அண்ணன், வகுப்புத் தோழன். கண்டிக்க ஆளில்லாத இடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் துணிச்சல் கொடுத்துக்கொண்டார்கள்.

2019இல் அந்த அறைகளுக்குள் நுழைந்து ஆதாரம் திரட்டிப் போலீசிடம் கொடுத்தவர்கள் இரண்டு கல்லூரி மாணவிகள். குற்றவாளியின் அடையாளத்தை வெளியிடக் கோரிய மனுவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2020இல் சட்டம் திருத்தப்பட்டு, சட்டவிரோதமாக எடுக்கப்பட்ட பாலியல் படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும்கூட மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களாயின. பார்ப்பது குற்றமில்லை என்ற ஆண்களின் பழைய சாக்கு அங்கே சட்டப்படி செத்தது.

“அப்படியானால் எல்லோரும் அடையாள அட்டையைக் காட்டட்டும்” என்பவர்களுக்கும் கொரியாவிலேயே பதில் இருக்கிறது. 2007இல் பெரிய தளங்களில் உண்மைப் பெயரைச் சரிபார்ப்பது கட்டாயமானது. 2011இல் ஒரு நிறுவனத்தின் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. விவரங்கள் குவியும் இடமெல்லாம் மிரட்டுகிறவனுக்குக் களஞ்சியம். தவிர, அடிக்கிற கணவனைப் பற்றியும் கைவைக்கிற பேராசிரியரைப் பற்றியும் வாய்திறக்க நமக்கும் மறைவு வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் பொறுப்பு கேட்பது அந்த இடத்தை நடத்துகிறவர்களிடம். கூட்டத்தைச் சேர்த்து லாபம் பார்க்கிறவன் காவலுக்கும் ஆள் போடட்டும். புகார் வந்த அன்றே படம் நீங்க வேண்டும், ஆதாரம் அழியாமல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே நடப்பது தெரியாது என்று சொல்லும் வீட்டுக்காரனை எந்தத் தெருவும் நம்பாது. நாம் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?