சம்பளம் வாங்கும் திருடர்கள்



கணினி வைரஸ் என்றதும், யாரோ ஒரு குறும்புக்கார இளைஞன் இருட்டறையில் உட்கார்ந்து விளையாட்டாகச் செய்கிற வேலை என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. இன்று அது ஒரு தொழில். தோட்டத்தில் இருப்பதுபோலவே அங்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் மேலாள் உண்டு. சம்பள நாளும் உண்டு.

'கோன்டி' என்றொரு கூட்டம் இருந்தது. பிறர் கணினியில் நுழைந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டுவதே அதன் பிழைப்பு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, இக்கூட்டம் ரஷ்யாவின் பக்கம் நிற்பதாக அறிவித்தது. உடனே அவர்களுடைய உள்வீட்டுச் செய்திகள் பல்லாயிரக்கணக்கில் வெளியே கொட்டப்பட்டன. அவற்றைப் படித்தவர்கள் வியந்து போனார்கள். நிரல் எழுதுவோர் ஒரு பிரிவு, அதைச் சோதிப்போர் ஒரு பிரிவு, ஆள் எடுப்பதற்கு ஒரு பிரிவு! கீழ்மட்டப் பணியாளருக்கு மாதம் ஆயிரம், இரண்டாயிரம் அமெரிக்க டாலர் சம்பளம். வேலையில் சுணங்கினால் அபராதம். நாம் வாங்கும் அதே வைரஸ் தடுப்பு மென்பொருள்களை அவர்களும் காசு கொடுத்து வாங்கி, தங்கள் சரக்கு அதில் சிக்காமல் தப்புகிறதா என்று பார்த்தார்கள். நம் வீட்டுப் பூட்டைப் போலவே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு திருடன் பழகிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இவர்களால் விளைந்த கேட்டை அயர்லாந்து நாடு நன்கறியும். 2021 மார்ச் 18ஆம் நாள், அந்நாட்டு அரசாங்கச் சுகாதாரச் சேவையின் ஊழியர் ஒருவர், மின்னஞ்சலில் வந்த ஒரு கணக்குத் தாளைத் திறந்தார். வந்தவன் ஓசைப்படாமல் எட்டு வாரம் உள்ளேயே உலவினான். மே 14ஆம் நாள் விடிவதற்குள் பூட்டு விழுந்தது. மருத்துவமனைகள் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பின. புற்றுநோயாளிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சைகூடத் தடைப்பட்டது. பணம் தர அரசாங்கம் மறுத்துவிட்டது. ஆறு நாளில் அக்கூட்டமே சாவியை இலவசமாகக் கொடுத்தது. ஆனாலும் எல்லாம் சீராக நான்கு மாதங்களுக்கு மேலாயிற்று.

குற்றம் அந்த ஊழியருடையதா? விசாரணை அறிக்கை வேறு கதை சொல்கிறது. அவருடைய கணினியிலிருந்த வைரஸ் தடுப்பு ஓராண்டுக்கு மேலாகப் புதுப்பிக்கப்படவில்லை. திருடனின் நடமாட்டத்தை மார்ச் 31ஆம் நாளே காவல் மென்பொருள் கண்டுகொண்டது. ஆனால் பார்ப்பதற்கு மட்டுமே அதற்கு உத்தரவு, தடுப்பதற்கு இல்லை! அந்தச் சேவையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பழைய விண்டோஸ் 7இல் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கான பொதுப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

விண்டோஸ், ஆண்ட்ராய்டு போன்றவற்றை இயங்குதளம் என்கிறோம். அது ஸ்டோர் சாவிகளை வைத்திருக்கும் கிராணியைப் போன்றது. எந்த நிரலும் அவரிடம் கேட்டுத்தான் எதையும் தொட வேண்டும். திருடன் உள்ளே வர இரண்டு வழி. ஒன்று, சுவரில் ஓட்டை. அதை அடைக்கத்தான் 'அப்டேட்' வருகிறது. மற்றொன்று, நாமே சாவியைக் கொடுப்பது.

நம் வீடுகளுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான். தோட்டத்திலும் சரி, பட்டணத்து அடுக்குமாடியிலும் சரி, வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். அதன் பெயர் 'ஏபிகே' என்று முடியும். திறந்தால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அழைப்பிதழுக்கு உங்கள் குறுஞ்செய்தியில் என்ன வேலை? வங்கி அனுப்பும் இரகசிய எண் அங்கேதானே வருகிறது! அனுமதி கொடுத்த மறுகணம், செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணமும் சேமநிதிப் பணமும் கண்முன்னே கரைந்துவிடும்.

ஆகவே, ஏபிகே கோப்பு உறவினர் பெயரில் வந்தாலும் தொடாதீர்கள். அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். 'அப்டேட்' வந்தால் தள்ளிப் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கியை அழையுங்கள். அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். ஏமாந்தவரை ஏசாதீர்கள். "படிக்காத உனக்கு எதற்குக் கைப்பேசி?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டால், அடுத்த முறை அந்தத் தாய் வாயே திறக்கமாட்டார். அவரை ஏய்த்தது தெருப்பொறுக்கி அல்ல. சம்பளம் வாங்கி, பயிற்சி பெற்று வந்த கூட்டம். ஒரு நாட்டின் மருத்துவமனைகளையே முடக்கியவர்களின் தொழில் அது. வெட்கத்தால் மறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் கொடுக்கும் வெகுமதி. வீட்டில் பயமின்றிப் பேச இடமிருந்தால், அதுவே நல்ல காவல்.