அபராத உண்டியலில் தமிழ்

சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறு. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் திருப்பலியின் முதல் வாசகத்தை வாசிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்திருந்தோம். மேடைக்கு வந்தவன் வாசக நூலைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து, தங்கு தடையின்றி வாசித்து முடித்தான். பூசை முடிந்தபின் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தோம். எசாயா இறைவாக்கினரின் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது.

"தமிழ் எழுத்துத் தெரியாதா, தம்பி?" என்று கேட்டோம்.

"தெரியும் ஃபாதர். ஆனா எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தடுமாறினா எல்லாரும் சிரிப்பாங்க" என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அச்சமின்றி இறைவார்த்தையை அறிவிக்க அவன் கண்ட வழி அது. ஆனால் அந்தத் தாள் வேறொன்றை நினைவூட்டிற்று. 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் சிறிய செபநூல் ஒன்று அச்சாயிற்று. தமிழ்ச் செபங்களைத் தாங்கி வெளிவந்த முதல் அச்சு நூல் அதுவே. ஆயினும் அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ் ஒலிகள் அனைத்தும் உரோமை எழுத்துகளில் நின்றன. அன்று தமிழ் எழுத்துக்கு அச்சு வார்க்கப்படவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், என்றிக்கே என்றிக்கசு அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்துகளிலேயே அச்சிட்டார். இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் அச்சேறிய முதல் மொழி தமிழ் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையைத் தந்தது நம் திருச்சபை என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் திருச்சபையின் பீடத்தருகே இன்று ஒரு சிறுவன் 1554ஆம் ஆண்டுத் தாளோடு நிற்கிறான். அச்சு வார்ப்பார் இல்லாமலா? எழுத்து இருக்கிறது, நூல் இருக்கிறது, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாய்ப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகவும் இருக்கிறது. வாசிப்பதற்கான பழக்கந்தான் இல்லை.

இதற்கு ஆங்கிலேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. மெக்காலே 1835இல் எழுதிய குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அழுவதும் நம் வழக்கமாயிற்று. அவர் போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆகிறது. நம் வீட்டுக் கணக்கை நாமே பார்க்கலாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பங்கில் பள்ளித் தாளாளராகவும் இருந்தோம். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் இங்கே வேண்டா, குற்றம் நம்முடையது. தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு கல் தொலைவில் கழுத்துப்பட்டை அணிந்த பிள்ளைகளை மஞ்சள் வண்டியில் ஏற்றிச் செல்லும் பள்ளி ஒன்று திறந்திருந்தது. பெற்றோரைக் கூட்டினோம். "எங்க புள்ளைங்களுக்கும் இங்கிலீஷ் மீடியம் வேணும், சாமி" என்றார்கள். தொடங்கினோம். தொடங்கியதோடு நில்லாமல், வளாகத்துக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே பேசவேண்டும் என்று சுற்றறிக்கையும் விடுத்தோம். தமிழ்ச் சொல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். வகுப்புக்கு ஒரு தகர உண்டியல்.

அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு வந்தது. உண்டியல்களைத் திறந்து எண்ணி, அந்தத் தொகையையும் பங்கின் காணிக்கையோடு சேர்த்து அனுப்பிவைத்தோம். தாய்மொழியைப் பேசிய குற்றத்துக்காகக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்கிய காசு, எல்லா மொழியினருக்கும் நற்செய்தி சொல்லப் புறப்பட்டுப் போயிற்று! அன்று அது நம்மை உறுத்தவில்லை என்பதை இன்று எழுதும்போதுதான் உறுத்துகிறது. இரண்டாம் ஆண்டில் உண்டியல்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. திட்டம் வென்றுவிட்டது என்று ஆசிரியர் கூட்டத்தில் மகிழ்ந்து பேசினோம். உண்மை வேறு. பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, பேசாதிருக்கக் கற்றுக்கொண்டிருந்தனர்.

இந்த உண்டியல் நம்முடைய கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தோம். பின்னர்தான் அயர்லாந்தின் வரலாற்றைப் படித்தோம். அங்கே 1831இல் ஆங்கில வழித் தேசியப் பள்ளிகள் வந்தன. அந்நூற்றாண்டில் பல இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பிள்ளை ஐரிஷ் மொழியில் ஒரு சொல் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. பெற்றோரும் இதற்கு உடன்பட்டிருந்தார்கள். வீட்டில் வெட்டுப் போட்டு அனுப்பியவர்களும் உண்டு. பிள்ளை பிழைக்கவேண்டும், கப்பலேறவேண்டும் என்ற அச்சம் அவர்களுக்கு. 1845 முதல் வந்த பெரும்பஞ்சம் அந்த அச்சத்தை இன்னும் ஆழமாக்கியது. கத்தோலிக்கருக்கு 1829இல் அரசியல் உரிமை வாங்கித் தந்த டேனியல் ஓ'கானல் ஐரிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரே. எனினும் அது படிப்படியாக மறைந்துபோனால் தமக்கு வருத்தமில்லை என்று அவர் கருதினார். மறை காக்கப்பட்டால் போதும், மொழி போனால் போகட்டும் என்பதே அந்தத் தலைமுறையின் கணக்கு. அக்கணக்கின் விடையை இன்று பார்க்கலாம். ஐரிஷ் அந்நாட்டு அரசியலமைப்பின்படி முதல் ஆட்சி மொழி. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 51 இலட்சம் மக்களுள், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் ஏறக்குறைய 72,000 பேர். தன்னாட்சி கிடைத்து நூறு ஆண்டு ஆனபின்னும் இழந்ததை மீட்க முடியவில்லை. கழுத்துக் குச்சிக்கும் நம் தகர உண்டியலுக்கும் என்ன வேறுபாடு?

தமிழ் அப்படிப் போய்விடாது, எட்டுக் கோடிப் பேர் பேசுகிறோம் என்று சிலர் ஆறுதல் சொல்வர். மொழி சாவது ஒரு பேச்சு. பிள்ளை எந்த மொழியிலும் முழுமையாகச் சிந்திக்க முடியாமல் நிற்பது மற்றொரு பேச்சு. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இனி எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்துக்கு வருவோம். அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. நம் பங்கு மக்களுள் பலர் தலைமுறை தலைமுறையாய் நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். "தமிழ், தமிழ் என்று எங்களிடம் சொல்கிறீர்களே, சாமி! அந்தத் தமிழில்தானே எங்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்? ஆங்கிலமாவது எங்கள் சாதியைக் கேட்பதில்லை" என்று இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவர் வாயை அடைக்கும் விடை நம்மிடம் இல்லை, இருக்கவும் கூடாது.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், குடவோலை முறையை அங்கே கல்லில் வெட்டிவைத்தார்கள். ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் எப்படித் தெரிந்தெடுக்கப்படவேண்டும், யார் போட்டியிடலாகாது, கணக்குக் காட்டாதவனுக்கு என்ன நேரும் என்று ஊராட்சியின் நுணுக்கங்களைத் தமிழ் எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது என்பதற்கு அது சான்று. நாடு முழுவதும் அதைக் குடியாட்சியின் பழஞ்சான்றாகப் போற்றுகிறார்கள், நாமும் போற்றுவோம். ஆனால் முழுவதையும் படிப்போம். வயது 35க்கு மேல் 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலி. சொந்த மனையில் வீடு. அதனோடு வேதக் கல்வி. ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகையும் தந்திருக்கிறார்கள். சுவரில் இருந்தது ஊரார் மொழி. உள்ளே நுழையக் கேட்டது ஊராருக்குக் கிடைக்காத கல்வி. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை.

அன்று வேதக் கல்வி இருந்த இடத்தில் இன்று ஆங்கிலம் இருக்கிறது என்பதே நம் கருத்து. அது வாயிற்காவலன். அவனைத் தாண்டிச் செல்லும் திறமையை நம் பிள்ளைகளுக்குத் தரவேண்டும் என்பதில் நமக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். கேள்வி ஒன்றுதான்: நம் சிற்றூர்ப் பள்ளிகள் 'ஆங்கில வழி' என்ற பெயரில் தருவது ஆங்கிலமா?

உள்ளே சென்று பாருங்கள். ஆசிரியை ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பொருள் சொல்கிறார். அவரும் தமிழ்வழியில் படித்து, குறைந்த ஊதியத்துக்கு வந்தவர். வினாவுக்கு விடையைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளை அதைப் படியெடுத்து, பொருள் அறியாமலே உருப்போட்டு ஒப்பிக்கிறது. ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தமிழில் கேட்டால் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்டால் மூன்று வரி வரும், நான்காவது வரியைக் கேட்டால் நின்றுவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டிலேயே கிடைக்கிறது, நூல்களில் கிடைக்கிறது, உறவினரிடம் கிடைக்கிறது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது அந்தப் பெயர்ப் பலகை மட்டுமே. அதற்காகத் தாய் தாலிக்கொடியை அடகு வைக்கிறாள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வரத் தொடங்கியபின், தமிழ்வழி என்பது வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு உரியது என்ற எண்ணம் ஊரில் ஊன்றிவிட்டது.

"ஆங்கில வழியில் படிக்காவிட்டால் ஆலையில் வேலை கிடைக்காது" என்கிறார்கள். நம் ஊர் இளைஞர்கள் விடியுமுன்னே நிறுவனப் பேருந்தில் ஏறித் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் செல்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்து செய்து வரும் ஹூண்டாய் எந்த நாட்டு நிறுவனம்? கொரியா. அந்நாட்டுப் பிள்ளைகள் கணிதமும் இயற்பியலும் எந்த மொழியில் படிக்கிறார்கள்? கொரிய மொழியில். ஆங்கிலத்தை அவர்கள் ஒரு மொழியாக, தனியே, விடாமுயற்சியோடு படிக்கிறார்கள். தம் மொழியில் பொறியியல் கற்று வந்தவர்கள் இங்கே ஆலை வைக்க, தம் மொழியை விட்டவர்கள் அந்த ஆலைக்கு ஆள் வேலைக்குப் போகிறோம். இதைச் சொன்னால் தமிழ்வெறி என்கிறார்கள். நமக்குத் தோன்றுவது கூட்டல் கழித்தல் கணக்கு.

மற்றொரு செய்தியும் பெற்றோர் பலரை எட்டவில்லை. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியாக இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்பது, இருபத்தைந்து வயதில் அது எழுதவிருக்கும் தேர்வையும் தொடுகிறது. சேர்க்கைப் படிவத்தை நீட்டும் நம் பள்ளிகளில் எத்தனை பேர் இதை எடுத்துச் சொல்கிறோம்?

நம் முன்னோர் ஆங்கிலத்தை வெறுத்தவர்கள் அல்லர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆங்கிலச் சட்டத்தில் துறைபோன முன்சீப். அவரே தீர்ப்புகளைத் தமிழாக்கினார். தமிழ் அறிந்த வழக்குரைஞர் தமிழ் அறிந்த நடுவர்முன் ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தை, 1879இல் வெளிவந்த தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் நகையாடினார். தனிநாயகம் அடிகளார் தமிழின் சிறப்பை உலகுக்குச் சொல்ல 1952இல் தொடங்கிய இதழை ஆங்கிலத்தில்தான் நடத்தினார். ஆங்கிலம் அவர் கையில் கருவியாக இருந்தது. நாமோ குருமடத்தில் இறையியலை ஆங்கிலத்தில் பயின்று, பட்டத்தோடு திரும்பி முதல் மறையுரை ஆற்றினோம். முதிய உபதேசியார் அருகே வந்து, "பிரசங்கம் நல்லா இருந்துச்சு, சாமி. யாருக்குன்னுதான் தெரியல" என்றார். அவரிடமே அமர்ந்து மீண்டும் கற்றோம். அது தனிக்கதை.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது. பொருள் தெரியாமல் இலத்தீனில் மறுமொழி சொல்லிவந்த நம் பாட்டிமார், தாங்கள் கடவுளிடம் என்ன சொல்கிறோம் என்பதை அதன்பின் அறிந்தார்கள். பீடத்துக்குத் தமிழைக் கொண்டுவந்த அதே திருச்சபை, பீடத்திலிருந்து நூறடி தள்ளியிருக்கும் பள்ளியில் தமிழுக்கு அபராதம் விதிக்கிறது. மாற்கு தம் நற்செய்தியை அக்காலத்து உலகமொழியாகிய கிரேக்கத்தில் எழுதினார். ஆனால் யாயிரின் மகளை ஆண்டவர் கைபிடித்து எழுப்பிய இடத்தில், அவர் சொன்ன அரமேயச் சொற்களை அப்படியே விட்டுவைத்தார். ஒரு சிறுமியை எழுப்ப ஆண்டவர் அவள் வீட்டு மொழியில் பேசினார் என்பதை மாற்கு மொழிபெயர்ப்புக்குள் மறைத்துவிட விரும்பவில்லை போலும்.

மறைமாவட்டப் பள்ளிகளை நடத்தும் உடன்பணியாளர்களிடமும் அருட்சகோதரிகளிடமும் நாம் கேட்பது பெரிதன்று. உண்டியலும் அபராதமும் எந்தப் பெயரில் இருந்தாலும் இந்தக் கல்வியாண்டோடு நிற்கட்டும். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை தமிழ்வழிப் பிரிவு ஒன்றையாவது மூடாமல் வைத்திருப்போம். அங்கே ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பிக்க இருப்பவருள் சிறந்த ஆசிரியரை அனுப்புவோம், எஞ்சியவரை அன்று. பெற்றோர் கேட்கிறார்கள் என்று சொல்லித் தப்பவேண்டா. பெற்றோர் கேட்பது பிள்ளையின் வாழ்வை. அதற்கு நாம் வைத்த பெயர்தான் ஆங்கில வழி. அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள் என்று பொதுநிலையினரையும் வேண்டுகிறோம். உங்கள் தாளாளர் முகம் சுளித்தாலும் பேசுங்கள். எங்களைக் கேள்வி கேட்க ஆளின்றிப் போனதும் இந்த நிலைக்கு ஒரு காரணம்.

அந்தச் சிறுவன் இப்போது சனிக்கிழமை மாலைகளில் பங்கு இல்லத்துக்கு வருகிறான். முதல் வாரம் ஒரு பத்தியை வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்துக் கூட்டும்போது நம் முகத்தைப் பார்க்கிறான். நாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறோம். வரும் ஞாயிறு இரண்டாம் வாசகம் அவனுக்கு. தாளைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.